வார நேரமும் சைக்கிள் பயிற்சியும்

சைக்கிள் பயிற்சியின் அளவை மூன்று கூறுகள் தீர்மானிக்கின்றன: வாரத்தில் எத்தனை நாள் ஓட்டுவது, ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓட்டுவது, எவ்வளவு அழுத்தி மிதிப்பது. முதல் இரண்டும் சேர்ந்ததே வார நேரம். டூர் டி பிரான்ஸ் போன்ற பந்தயங்களில் ஓடும் தொழில்முறை வீரர்கள் வாரத்துக்கு 20 முதல் 30 மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு ஓட்டுபவருக்கு 4 முதல் 8 மணி கிடைத்தாலே பெரிது. வீரரின் அட்டவணையை அப்படியே கால்பங்காகச் சுருக்கி ஓட்டினால் பலன் கிடைப்பதில்லை. நேரம் மாறும்போது பயிற்சியின் உள்ளமைப்பும் மாற வேண்டும்.

எப்படி மாற வேண்டும் என்பதற்கு உடலியங்கியல் ஓரளவு தெளிவான விடை தருகிறது. ஒருவர் வாரத்துக்கு 4 மணி ஓட்டினாலும் 20 மணி ஓட்டினாலும், அவர் உடல் தாங்கக்கூடிய கடும் பயிற்சி நாட்கள் இரண்டு, மிஞ்சினால் மூன்று. நேரம் கூடும்போது நிதான ஓட்டம்தான் கூடுகிறது. நேரம் குறைந்தால் முதலில் கழிக்க வேண்டியதும் அதுவே.

உடலில் நிகழும் மாற்றங்கள்

நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டும் திறன், தசைக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்வதையும், சேர்ந்த ஆக்சிஜனைத் தசை பயன்படுத்துவதையும் பொறுத்தது. முதல் வேலை இதயத்தினுடையது, இரத்தத்தினுடையது. பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உயர்கிறது. இவற்றால் உயரும், உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவை விஓ2 மேக்ஸ் என்கிறார்கள்.

இரண்டாவது வேலை தசைச் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவினுடையது. கொழுப்பையும் சர்க்கரையையும் ஆக்சிஜனுடன் சேர்த்து ஆற்றலாக்கும் நுண்ணுறுப்பு அது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹாலோசி 1967-இல் வெளியிட்ட ஆய்வில், பல வாரங்கள் ஓடப் பழக்கப்பட்ட எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் செயல்திறன் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. பயிற்சி தசைச் செல்லையே மாற்றுகிறது என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்றுகளில் அது ஒன்று.

மைட்டோகாண்ட்ரியா பெருகுவதற்கான கட்டளை இரண்டு வழிகளில் பிறக்கிறது. தசை மீண்டும் மீண்டும் சுருங்கும்போது செல்லுக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. மணிக்கணக்கில் நிதானமாக மிதித்தால் இந்தத் தூண்டுதல் நீண்ட நேரம் நீடிக்கும். கடுமையாக மிதிக்கும்போது செல்லின் ஆற்றல் இருப்பு சரிகிறது. அதை உணரும் ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. இவ்விரு வழிகளும் சென்று சேருமிடங்களில் முக்கியமானது, 1998-இல் பாஸ்டன் நகரில் புரூஸ் ஸ்பீகல்மனின் ஆய்வகம் கண்டறிந்த பிஜிசி-1 ஆல்பா என்ற புரதம். நீண்ட நேரமும் கடும் உழைப்பும் ஓரளவுக்கு ஒன்றையொன்று ஈடுகட்டுவதற்கு இதுவே அடிப்படை.

அந்த ஈடு முழுமையானது அல்ல. நிதானமாக மிதிக்கும்போது நரம்பு மண்டலம் முதலில் மெதுவாகச் சோரும் தசைநார்களையே வேலைக்கு அழைக்கிறது. விசை கூடும்போதோ, மணிக்கணக்கில் ஓட்டி முதல் அணி களைக்கும்போதோதான் வேகமான நார்கள் களமிறங்குகின்றன. கடும் பயிற்சி இவற்றைச் சில நிமிடங்களில் எட்டுகிறது. நீண்ட ஓட்டம் மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் வேறொரு வழியாக அங்கே போய்ச் சேர்கிறது. ஆனால் கொழுப்பை எரித்துச் சர்க்கரையைச் சேமிக்கும் பழக்கம், மணிக்கணக்கில் உண்டு செரிக்கும் வயிறு, இருக்கையில் உட்காரும் பொறுமை, கழுத்தும் கைகளும் வலியைத் தாங்குவது ஆகியவை பெரும்பாலும் நீண்ட ஓட்டத்தால் வருபவை.

தீவிரத்தை அளப்பது

எந்த அட்டவணையைத் தேர்ந்தெடுக்கவும் தீவிரத்தின் அளவுகோல் தேவை. ஆய்வாளர்கள் இரண்டு எல்லைகளை வைத்து மூன்று மண்டலங்களைப் பிரிக்கிறார்கள். தசையில் உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் இரத்தத்தில் ஓய்வு நிலையைவிட உயரத் தொடங்கும் இடம் முதல் எல்லை. இது பெரும்பாலும் லிட்டருக்கு 2 மில்லிமோல் அளவில் இருக்கும். லாக்டேட் கட்டுக்கடங்காமல் குவியத் தொடங்கும் இடம் இரண்டாம் எல்லை. சராசரியாக 4 மில்லிமோல். முதல் எல்லைக்குக் கீழே ஓட்டுவது நிதான ஓட்டம். இரண்டாம் எல்லைக்கு மேலே ஓட்டுவது உச்ச உழைப்பு. இடையில் இருப்பது நடுத்தர மண்டலம்.

கருவி எதுவும் இல்லாதவருக்குப் பேச்சே அளவுகோல். மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது நிதான ஓட்டம். வாக்கியம் உடைந்து சொற்களாக வந்தால் நடுத்தரம். ஓரிரு சொல்லுக்கு மேல் வராவிட்டால் உச்சம்.

மிதிக்கும் திறனை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் உள்ளவர்களுக்கு எஃப்டிபி என்ற அளவு பயன்படுகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச சராசரி வாட் அது. முழு முயற்சியுடன் 20 நிமிடம் ஓட்டி, கிடைக்கும் சராசரி வாட்டில் 95 சதவீதத்தை எஃப்டிபியாகக் கொள்வது பரவலான வழக்கம். அமெரிக்க உடலியங்கியலாளர் ஆண்ட்ரூ காகனின் மண்டலப் பட்டியலில், எஃப்டிபியில் 56 முதல் 75 சதவீதம் வரை நீடித்த நிதான ஓட்டம். 91 முதல் 105 வரை எல்லைப் பயிற்சி. 106 முதல் 120 வரை விஓ2 மேக்ஸ் பயிற்சி. 88 முதல் 94 சதவீதம் வரையுள்ள பகுதியைப் பயிற்சியாளர்கள் ஸ்வீட் ஸ்பாட் என்கிறார்கள்.

கடுமை நேரத்தை எவ்வளவு ஈடுகட்டும்?

ஜப்பானின் கனோயாவில் இசுமி தபாதா 1996-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கான புகழ்பெற்ற சோதனை. ஒரு குழு வாரம் 5 நாள், நாளுக்கு 60 நிமிடம், விஓ2 மேக்ஸில் 70 சதவீத உழைப்பில் பயிற்சி சைக்கிளை மிதித்தது. மற்றொரு குழு 20 விநாடி மூர்க்கமாக மிதித்து 10 விநாடி ஓய்ந்தது. இப்படி 7 அல்லது 8 முறை. 6 வாரம் கழித்து முதல் குழுவின் விஓ2 மேக்ஸ் உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிலிட்டரும், இரண்டாவது குழுவினுடையது 7 மில்லிலிட்டரும் உயர்ந்தன. ஆக்சிஜன் இன்றி ஆற்றல் தரும் திறன் இரண்டாவது குழுவுக்கு மட்டும் 28 சதவீதம் கூடியது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவின் குழு 2006-இல் இன்னும் கூர்மையான ஒப்பீட்டைச் செய்தது. இரண்டு வாரத்தில் 6 நாள் பயிற்சி. ஒரு குழு 30 விநாடி முழு வேக ஓட்டத்தை, நடுவே 4 நிமிட ஓய்வுடன், 4 முதல் 6 முறை செய்தது. மறு குழு 90 முதல் 120 நிமிடம் இடைவிடாமல் மிதித்தது. மொத்தமாக முதல் குழு செலவிட்ட நேரம் ஏறத்தாழ இரண்டரை மணி. மறு குழுவுக்குப் பத்தரை மணி. தசையின் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறனும் ஓட்ட வேகமும் இரு குழுக்களிலும் ஒரே அளவில் முன்னேறின.

இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு நிதான ஓட்டமே வேண்டாம் என்று முடிவு கட்டுவது தவறு. இரண்டு வாரமும் ஆறு வாரமும் நடந்த சோதனைகள் இவை. பங்கேற்றவர்கள் தேர்ந்த சைக்கிள் வீரர்களும் அல்லர். கடும் பயிற்சி தரும் ஏற்றம் வேகமாக வருகிறது, வேகமாகவே தேக்கமும் அடைகிறது. அதற்கு மேல் ஏறப் பயிற்சிச் சுமையைக் கூட்ட வேண்டும். அங்கேதான் நேரம் குறுக்கே நிற்கிறது.

காகன் வகுத்த சுமைக் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. எஃப்டிபி அளவில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 100 புள்ளி. மற்ற அளவுகளுக்கு, எஃப்டிபியோடு உள்ள விகிதத்தை வர்க்கமாக்கி, 100-ஆலும் மணிநேரத்தாலும் பெருக்க வேண்டும். 65 சதவீதத்தில் ஒரு மணி நேரத்துக்கு 42 புள்ளி. 12 மணி நேரத்துக்கு 507. வாரத்தில் 5 மணி மட்டுமே உள்ளவர் இந்தச் சுமையைத் தொட, ஐந்து நாள் ஒரு மணி நேரம் வீதம் தன் முழு எல்லையில் ஓட்ட வேண்டும். அது வாரத்தில் ஐந்து பந்தயம் ஓடுவதற்குச் சமம். எந்த உடலும் அதை மாதக்கணக்கில் தாங்காது. ஆகவே கடுமை நேரத்தை ஈடுகட்டும்; ஆனால் ஒரு வரம்பு வரைதான்.

80:20 விகிதமும் அதன் பொருளும்

பயிற்சியில் 80 சதவீதம் நிதானமாகவும் 20 சதவீதம் கடுமையாகவும் இருக்க வேண்டும் என்ற விதி சைக்கிளோட்டிகளிடையே பரவலாக வழங்குகிறது. இதன் பின்னணியில் இருப்பவர் அமெரிக்காவில் பிறந்து நார்வேயின் ஆக்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர். அவர் புதிய பயிற்சித் திட்டம் எதையும் உருவாக்கவில்லை. பனிச்சறுக்கு, துடுப்புப் படகு, சைக்கிள், ஓட்டம் ஆகியவற்றில் உலகத் தரத்தில் உள்ளவர்கள் உண்மையில் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று கவனித்துத் தொகுத்தார். பெரும் பங்கு முதல் எல்லைக்குக் கீழே, சிறு பங்கு இரண்டாம் எல்லைக்கு மேலே, நடுத்தர மண்டலத்தில் மிகக் குறைவு என்ற அமைப்பு திரும்பத் திரும்பத் தென்பட்டது. இதைத் துருவமுறைப் பயிற்சி என்கிறார்கள்.

இந்த விகிதத்தைப் பயன்படுத்துவதற்கு முன் அது எப்படி எண்ணப்பட்டது என்று பார்க்க வேண்டும். சைலரும் அவருடைய சக ஆய்வாளரும் 2006-இல் நார்வே இளம் பனிச்சறுக்கு வீரர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், நாட்களை எண்ணினால் ஏறத்தாழ 75 சதவீதப் பயிற்சிகள் நிதானமானவை. அதே வீரர்களின் இதயத் துடிப்பை நிமிடக் கணக்கில் பார்த்தால் 90 சதவீதத்துக்கு மேல் நிதானம். கடும் பயிற்சி நாள் என்று எழுதப்பட்டதிலும் உடலைச் சூடேற்றுவதும் ஆற்றுவதும் இடை ஓய்வும் அடங்கும் என்பதே காரணம்.

வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டுபவர் நாட்களில் 80:20 கேட்டால், இரண்டு வாரத்துக்கு ஒரு கடும் பயிற்சிதான் மிஞ்சும். அது போதாது. மாறாக, கடும் நிமிடங்களைக் கணக்கிட்டால் உண்மை விளங்குகிறது. வாரம் மூன்றரை மணி ஓட்டி அதில் 40 நிமிடத்தைக் கடுமையாகச் செலவிடுபவரின் பங்கு 19 சதவீதம். வாரம் 15 மணி ஓட்டி 60 நிமிடத்தைக் கடுமையாகச் செலவிடுபவரின் பங்கு 7 சதவீதத்துக்கும் குறைவு. விகிதம் வெகுவாக விலகினாலும் கடும் நிமிடங்களின் எண்ணிக்கை பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது. திட்டமிடும்போது பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த எண்ணிக்கையைத்தான்.

3 முதல் 4 மணி

இந்த அளவில் நிதானமாக ஓட்ட நேரம் அதிகம் இல்லை. ஆகவே களைப்பும் பெரிதாகச் சேர்வதில்லை. மூன்று பயிற்சி நாட்களில் இரண்டைக் கடுமையாக வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும்.

முதல் நாளுக்கு நார்வேயின் டிராண்ட்ஹெய்ம் நகரில் ஆராயப்பட்ட 4×4 முறை பொருந்தும். 15 நிமிடம் உடலைச் சூடேற்றிய பின், உச்ச இதயத் துடிப்பில் 90 முதல் 95 சதவீதம் எட்டும்படி 4 நிமிடம் மிதித்து, 3 நிமிடம் இலகுவாக ஓட்ட வேண்டும். இப்படி நான்கு முறை. ஆற்றும் நேரத்தோடு சேர்த்து 50 நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டாவது நாளுக்கு அதே நாட்டின் பென்ட் ரோனஸ்டட் சோதித்த 30/15 முறை: 30 விநாடி கடுமையாக மிதித்து 15 விநாடி தளர்த்துவது. 13 முறை செய்தால் ஒரு தொகுதி. 3 நிமிட இடைவெளி விட்டு மூன்று தொகுதிகள். சூடேற்றலும் ஆற்றலும் சேர்ந்து ஒரு மணி நேரம். மூன்றாவது நாள், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, ஒன்றரை முதல் இரண்டு மணி நேர ஓட்டம். அதில் ஏற்றம் ஒன்று வந்தால் நடுத்தர மண்டலத்தில் 15 நிமிடம் ஏறலாம்.

இந்தத் திட்டம் 8 முதல் 12 வாரம் வரை நல்ல ஏற்றம் தரும். பிறகு பலன் தேங்கும். அப்போது நான்கைந்து வாரம் கடும் நாட்களை ஒன்றாகக் குறைத்து மீண்டும் தொடங்குவது நல்லது. பயிற்சியாளர் கிறிஸ் கார்மைக்கேல் 2009-இல் வெளியிட்ட ‘தி டைம்-கிரஞ்ச்டு சைக்கிளிஸ்ட்’ என்ற நூல், இப்படி நேரம் குறைந்தவர்களுக்காகவே எழுதப்பட்டது. நேரம் குறைந்தவரின் உச்சநிலை நீண்ட நாள் நிற்காது, ஆகவே அதைத் தேவையான பருவத்துக்கு ஒதுக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

நாற்பது வயதைக் கடந்தவர்களும், இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்களும் இவ்வகைக் கடும் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். உடல்நலம் மட்டுமே குறிக்கோள் என்றால் கடும் பயிற்சி கட்டாயமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு.

5 முதல் 8 மணி

வேலைக்குப் போய்க்கொண்டே தீவிரமாக ஓட்டும் பெரும்பாலோர் இந்தப் பிரிவில் வருகிறார்கள். எந்த முறை சிறந்தது என்ற விவாதமும் இங்கேதான் சூடாக நடக்கிறது. ஒரு பக்கம் ஸ்வீட் ஸ்பாட் முறை: வார நாட்களில் 88 முதல் 94 சதவீதத்தில் 15 அல்லது 20 நிமிடத் துண்டுகளாக ஓட்டுவது. இதில் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் சுமை அதிகம். விஓ2 மேக்ஸ் பயிற்சி அளவுக்கு உடலை முறிக்காது. மறுபக்கம் துருவமுறை.

ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வு, இந்த நேர அளவிலேயே இரண்டையும் ஒப்பிட்டது. பயிற்சி பெற்ற 12 சைக்கிளோட்டிகள் 6 வாரம் துருவமுறையிலும், 6 வாரம் கடும் பகுதியை நடுத்தர மண்டலத்தில் வைக்கும் எல்லைமுறையிலும் ஓட்டினார்கள். வார நேரம் சராசரியாக ஆறரை முதல் ஏழரை மணி. உச்ச வாட் துருவமுறையில் 8 சதவீதமும் எல்லைமுறையில் 3 சதவீதமும் உயர்ந்தது. 12 பேரை மட்டும் வைத்து இறுதித் தீர்ப்பு எழுத முடியாது. எனினும் நேரம் குறைந்தவருக்கு நடுத்தர மண்டலமே கதி என்ற வாதம் ஆட்டம் கண்டது.

நடைமுறையில் இரண்டையும் பருவம் பிரித்துப் பயன்படுத்தலாம். பந்தயமோ நீண்ட ஓட்டமோ மூன்று மாதம் தள்ளியிருக்கும்போது, செவ்வாயும் வியாழனும் ஸ்வீட் ஸ்பாட். சனிக்கிழமை ஒரு மணி நிதான ஓட்டம். ஞாயிறு இரண்டரை முதல் மூன்று மணி நிதான ஓட்டம். கடைசி ஆறு, எட்டு வாரத்தில் செவ்வாய்க்கிழமைப் பயிற்சி 4×4 ஆகவோ 30/15 ஆகவோ மாறும். வியாழக்கிழமை எல்லைப் பயிற்சி தொடரும். எட்டு மணி கிடைக்கும் வாரத்தில் கூடுதல் நேரத்தை மூன்றாவது கடும் நாளாக்காமல் ஞாயிறு ஓட்டத்தில் சேர்க்க வேண்டும்.

இந்தப் பிரிவில் அதிகம் நேரும் பிழை, எல்லா நாளையும் நடுத்தர வேகத்தில் ஓட்டுவது. அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டரின் குழு 2001-இல் பயிற்சியாளர்களின் திட்டத்தையும் வீரர்கள் செய்ததையும் ஒப்பிட்டது. நிதானமாக ஓடச் சொன்ன நாளில் வீரர்கள் கடுமையாகவும், கடுமையாக ஓடச் சொன்ன நாளில் தளர்வாகவும் பயிற்சி செய்திருந்தார்கள். குழுவாக ஓட்டும்போது முன்னால் போகிறவரைப் பிடிக்கும் ஆவல் இதைக் கூட்டுகிறது.

9 முதல் 12 மணி

இங்கே நிதான ஓட்டம் தன் முழுப் பலனையும் காட்டத் தொடங்குகிறது. வாரத்தில் ஐந்து நாள் ஓட்டலாம்: இரண்டு கடும் நாள், ஒன்றரை மணி வீதம் இரண்டு நிதான நாள், 4 மணி நேர நீண்ட ஓட்டம் ஒரு நாள். நிதானம் அதிகம், நடுத்தரம் அதைவிடக் குறைவு, உச்சம் எல்லாவற்றிலும் குறைவு என்ற அமைப்பைப் பிரமிடு முறை என்கிறார்கள். சாலையில் ஓட்டும் சைக்கிள் வீரர்களிடம் பெரும்பாலும் காணப்படுவது இதுவே. ஏற்றங்களும் எதிர்க்காற்றும் கூட்டத்தோடு ஓட்டுவதும் அவர்களை நடுத்தர மண்டலத்துக்குள் தானாகவே இழுத்துவிடுகின்றன.

நிதான நாள் உண்மையிலேயே நிதானமாக இருப்பது இந்த அளவில் கட்டாயம். சைலரின் குழு 2007-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தேர்ந்த வீரர்கள் முதல் எல்லைக்குக் கீழே இரண்டு மணி நேரம் பயிற்சி செய்தபோதும் அவர்களின் தன்னியக்க நரம்பு மண்டலம் விரைவில் பழைய நிலைக்குத் திரும்பியது. எல்லையைத் தாண்டினால் மீட்சி தாமதமானது. முதல் எல்லைக்குச் சற்று மேலே ஓட்டிய வேகத்துக்கு மறுநாள் கடும் பயிற்சியில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

15 மணியும் அதற்கு மேலும்

பந்தய வீரர்களின் உலகம் இது. கடும் நாட்கள் அப்போதும் இரண்டு அல்லது மூன்றுதான். நிதான ஓட்டம் வாரம் 12 மணியைத் தாண்டுகிறது. இங்கே நேரத்தைவிட உணவும் தூக்கமும் தட்டுப்பாடாகின்றன. நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து எடுக்காவிட்டால் தசையின் சர்க்கரை இருப்பு தீர்ந்து, அடுத்த நாட்களின் பயிற்சியும் கெடும். பல மாதங்கள் செலவுக்குக் குறைவாக உண்டால் ஹார்மோன்களும் எலும்பும் பாதிக்கப்படும். வேலையில் இருப்பவர் விடுமுறையில் திடீரென்று 15 மணிக்குத் தாவினால், அந்த வாரத்தில் கடும் நாட்களை ஒன்றாகக் குறைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

குறிக்கோள் நேரத்தை முடிவு செய்யும் இடம்

ஒரே வார நேரம் எல்லாக் குறிக்கோளுக்கும் ஒரே அளவில் போதாது. 40 கிலோமீட்டர் தனிநேர ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் போல ஆகும். அதற்கு வாரம் 5 மணிப் பயிற்சி நன்றாகவே தயார் செய்யும். பிஆர்எம் எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களின் கதை வேறு. பிரான்சில் தோன்றிய இவை சென்னை, கோவை உட்பட இந்திய நகரங்களிலும் நடக்கின்றன. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்பது கால வரம்பு. 200 கிலோமீட்டருக்குத் தேவையான சராசரி, நிறுத்தங்களையும் சேர்த்து, மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவு. வேகம் இங்கே தடையில்லை. நாள் முழுதும் இருக்கையில் உட்கார்ந்து, உண்டு, மிதித்துக்கொண்டே இருப்பதுதான் சோதனை.

இதற்கு, கடுமையாகவும் இலகுவாகவும் மாறி மாறி மிதிக்கும் இன்டர்வல் பயிற்சியால் ஈடு இல்லை. வாரம் 6 மணி உள்ளவர் அந்த நேரத்தைச் சமமாகப் பங்கிடாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு ஓட்டத்தை 4, 5, 6 மணி என்று நீட்டிக்கொண்டே போகலாம். இடைப்பட்ட வாரத்தில் இரண்டு கடும் நாட்களோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு வாரக் கூட்டுத்தொகை மாறாது. தேவையான தாங்குதிறன் கிடைத்துவிடும்.

வெப்பமும் ஓய்வும்

மேலே சொன்ன ஆய்வுகளில் பல குளிர்நாடுகளில் நடந்தவை. தமிழ்நாட்டின் கோடையில் அதே வாட்டுக்கு இதயம் வேகமாகத் துடிக்கும். தோலைக் குளிர்விக்க இரத்தம் அங்கே திரும்புவதாலும், வியர்வையால் பிளாஸ்மா குறைவதாலும், நேரம் ஆக ஆகத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். வெயிலில் இதயத் துடிப்பை மட்டும் பார்த்து ஓட்டுபவர் கடும் பயிற்சியில் போதிய விசை கொடுக்க முடியாது. வாட்டை மட்டும் பார்த்து ஓட்டுபவர் நிதான நாளில் அளவு மீறிவிடுவார். கடும் பயிற்சியை விடியற்காலையில் வைத்துக்கொள்வதும், நிதான நாளில் துடிப்பையும் பேச்சையும் நம்புவதும் நல்லது. வெப்பத்தில் 10 முதல் 14 நாள் பழகினால் பிளாஸ்மா கூடி உடல் பெரிதும் ஒத்துப்போகும்.

பயிற்சியின் பலன் ஓய்வில்தான் உருவாகிறது. மூன்று வாரத்துக்குப் பின் நான்காவது வாரத்தில் மொத்த நேரத்தை மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறைப்பது வழக்கம். வாரம் 4 மணி மட்டுமே ஓட்டுபவருக்கு இந்தக் குறைப்பு பெரும்பாலும் தேவைப்படாது. வேலைப்பளுவும் விருந்தாளிகளும் காய்ச்சலும் அதைச் செய்துவிடும். அலுவலக நெருக்கடியும் தூக்கக் குறைவும் உடலுக்குச் சுமைதான். அத்தகைய வாரத்தில் கடும் நாளை நிதான நாளாக மாற்றினால் இழப்பு சொற்பம்.

நேரம் குறையும்போது

ஆண்டு முழுதும் ஒரே நேரம் கிடைப்பதில்லை. நேரம் சுருங்கும்போது எதை விட்டுக்கொடுப்பது என்பதற்கு சிகாகோவில் ராபர்ட் ஹிக்சனின் குழு 1980-களில் செய்த ஆய்வுகள் விடை தருகின்றன. பங்கேற்றவர்கள் வாரம் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் என 10 வாரம் கடுமையாகப் பயிற்சி செய்தார்கள். அதன் பிறகு 15 வாரத்துக்கு, ஓர் ஆய்வில் நாட்கள் குறைக்கப்பட்டன; அடுத்ததில் நிமிடங்கள்; மூன்றாவதில் கடுமை. வாரம் 2 நாளாகக் குறைத்தபோதும் விஓ2 மேக்ஸ் நிலைத்தது. நாளுக்கு 13 நிமிடமாகக் குறைத்தபோதும் நிலைத்தது. ஆனால் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் திறன் சரிந்தது. கடுமையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்ததும் விஓ2 மேக்ஸே சரிந்தது.

பயிற்சியை முழுவதும் நிறுத்தினால் இழப்பு விரைவானது. எட்வர்ட் காய்ல் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த வீரர்களின் விஓ2 மேக்ஸ் மூன்று வாரத்தில் 7 சதவீதமும், எட்டு வாரத்தில் 16 சதவீதமும் குறைந்தது. ஆகவே நெருக்கடியான மாதத்தில் நிதான ஓட்டத்தை முதலிலும், நீண்ட ஓட்டத்தின் நேரத்தை அடுத்தும் குறைக்கலாம். இரண்டு கடும் நாட்களைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும்.

திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வரிசை இதிலிருந்து அமைகிறது. கடந்த எட்டு வாரத்தில் உண்மையில் ஓட்டிய சராசரி நேரத்தை எழுதிக்கொண்டு, ஆசைப்படும் நேரத்தை அல்லாமல் அதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். இரண்டு கடும் நாட்களை முதலில் நாட்காட்டியில் நிறுத்தி, குறிக்கோளுக்கு ஏற்ற நீண்ட ஓட்டத்தை அடுத்து வைத்து, மிச்ச நேரம் முழுவதையும் நிதான ஓட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை 20 நிமிடச் சோதனை செய்து பார்க்கலாம். வாட் உயர்ந்திருந்தால் அதே திட்டம் தொடரலாம். உயராமல் உடல் களைத்திருந்தால் ஒரு கடும் நாளைக் குறைக்க வேண்டும். உயராமலும் களைக்காமலும் இருந்தால் நிதான ஓட்டத்தில் வாரம் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். அந்த ஒரு மணி கிடைக்காதவர் கடும் துண்டுகளைச் சில நிமிடம் நீட்டிக்கொள்ளலாம்.